கூர்க்கா கத்தியும் கொல்லன் பட்டறையும்

கல்கத்தாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் டார்ஜிலிங் போய் வராதவர்கள் குறைவு. அங்கிருந்து வாங்கி வந்த தேயிலை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். வாங்கி வந்த கூர்க்கா கத்தி மட்டும் வருஷக்கணக்கில் கூடத்துச் சுவரில் தொங்கும். நேப்பாளி மொழியில் அதற்குக் குக்குரி என்று பெயர். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ராணுவம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் அதன் சரித்திரத்தில் போர்க்களம் பாதிதான். மறுபாதி காட்டிலும் அடுப்படியிலும் கொல்லன் உலையிலும் கிடக்கிறது. அந்த மறுபாதியைச் சொல்லவே இக்கட்டுரை.

"சமணர், பாத்திர வியாபாரி, உமக்கு ஏன் ஐயா கத்தி ஆராய்ச்சி?" என்று நம் சங்க அன்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

வடிவும் வேலையும்

குக்குரி சாதாரணமாக 16 முதல் 18 அங்குல நீளம் இருக்கும். நம்ம ஊர் அரிவாளைப் போலவே அதற்கும் கூர் உள்வளைவில்தான். நுனிப்பக்கம் அகன்று கனமாக இருப்பதால், ஓங்கி விட்டால் போதும், கத்தியின் எடையே வெட்டிவிடும். மணிக்கட்டுக்கு அலுப்பில்லை. உறையின் பின்புறம் இரண்டு குட்டிக் கருவிகள் செருகியிருக்கும். ஒன்று கர்தா; சில்லறை வேலைக்கான சிறுகத்தி. மற்றொன்று சக்மக், கூர் இல்லாதது. பெரிய கத்தியின் விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்யவும், சக்கிமுக்கிக் கல்லில் தட்டி நெருப்பு உண்டாக்கவும் அது உதவும். ஆக, மலைக்காட்டில் ஒரு மனிதன் விறகு வெட்டி, தீ மூட்டி, காய் நறுக்கிச் சாப்பிடத் தேவையான அத்தனையும் ஒரே உறைக்குள் அடங்கிவிடுகிறது.

பிடிக்கு அருகே கூரில் ஒரு சிறு வெட்டு இருக்கும். சிவனுடைய சூலம் என்பார்கள், பசுவின் குளம்பு என்பார்கள், ரத்தம் பிடிக்கு வழியாமல் தடுக்க என்பார்கள். அறிஞர்களிடையே முடிந்த முடிவு ஒன்றும் கிடையாது.

1793இல் கம்பெனியின் தூதராக நேப்பாளம் சென்றவர் வில்லியம் கர்க்பாட்ரிக். அவருடைய நூல் 1811இல் அச்சாயிற்று. நேப்பாளிகள் எல்லோரும் இடுப்பில் அணியும் இக்கத்தி, சிறு மரங்களையும் புதர்களையும் வெட்டவும் கிளைகளைக் கழிக்கவுமே முக்கியமாகப் பயன்படுகிறது என்று அவர் அதில் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் இக்கத்தியோடு போரில் மோதுவதற்கு முன்பு எழுதிய குறிப்பு இது. அதனால்தான் இதை முக்கியமாகக் கருதுகிறேன்.

போர்க்களத்தில் வந்த பெயர்

ஆயுதம் என்ற பெருமையும் பொய்யில்லை. 1559இல் கோர்க்காவைக் கைப்பற்றிய திரவ்ய ஷாவினுடையது என்று சொல்லப்படும் குக்குரி ஒன்று காட்மாண்டு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் வழிவந்த பிருதிவி நாராயண ஷா 1768–69இல் காட்மாண்டுப் பள்ளத்தாக்கைப் பிடித்தார்.

1814இல் கம்பெனிக்கும் நேப்பாளத்துக்கும் போர் மூண்டது. டேராடூனை அடுத்த நாலாபானிக் கோட்டையில் பலபத்ர குன்வர் சில நூறு பேரோடு ஒரு மாதம் தாக்குப் பிடித்தார். கம்பெனித் தளபதி கில்லெஸ்பி அங்கே மாண்டார். பிறகு ஆங்கிலேயர் அங்கு இரண்டு நினைவுத் தூண்கள் எழுப்பினார்கள். ஒன்று தங்கள் தரப்புக்கு, மற்றொன்று எதிரியின் வீரத்துக்கு. 1815லேயே கூர்க்காக்களைத் தங்கள் படையில் சேர்க்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். 1947 உடன்படிக்கைப்படி பத்துக் கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கு வந்தன. குறுக்காக வைத்த இரண்டு குக்குரிகள் அவர்களுடைய சின்னமாயின.

வெட்டியவருக்குத் தூண் உண்டு, வெட்டுப்பட்டவருக்கும் தூண் உண்டு. அந்தக் கத்திகளை அடித்துக் கொடுத்தவருக்கு?

பட்டறையில் கண்டது

வியாபார நிமித்தம் சிலிகுரி, கலிம்போங் பக்கம் முப்பது வருஷமாகப் போய் வருகிறேன். கலிம்போங்கை அடுத்த கிராமம் ஒன்றில் ஒரு கொல்லரிடம்தான் என் குக்குரியைச் செய்யச் சொல்லி வாங்கினேன். அவர் முதலில் கேட்ட கேள்வி: "தாஜு, விறகு வெட்டவா, சுவத்துல மாட்டவா?" விறகுக்கு என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

இரும்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து. அது நல்ல எஃகு. கரியின் அளவு ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவிகிதம். அதைக் கரியடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஒருவர் பிடிக்க ஒருவர் அடித்து, வளைவைக் கொண்டு வருகிறார்கள். பிறகு அரத்தால் ராவுகிறார்கள்.

கடைசியில்தான் உயிரான வேலை. கத்தியை மறுபடி சிவக்கக் காய்ச்சி, கெண்டியிலிருந்து தண்ணீரைக் கூர் விளிம்பில் மட்டும் ஓடவிடுவார். முதுகில் தண்ணீர் படக்கூடாது. கூர் கடினமாகும், முதுகு மெதுவாகவே நிற்கும். முழுவதும் கடினமானால் ஓங்கிய வேகத்தில் உடைந்து போகும். முழுவதும் மெத்தென்றிருந்தால் கூர் மடங்கிப் போகும். இந்தப் பதத்தைக் காட்ட அவரிடம் கருவி ஏதும் இல்லை. நெருப்பின் நிறமும் அவர் கண்ணும்தான். கத்தியின் வாலைக் காய்ச்சி லாஹா என்ற பிசின் வைத்துப் பிடிக்குள் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது.

நல்ல கத்தியை எப்படி அறிவது? பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. சுற்றுலாக் கடைகளில் முலாம் பூசிய கத்திகள் பல, பதம் ஏற்றாதவை. அரத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கூரில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், முதுகில் கடிக்க வேண்டும். பிடியைப் பற்றி உதறினால் ஆட்டம் இருக்கக்கூடாது. முதுகில் இரண்டொரு சம்மட்டித் தழும்பு தெரிந்தால் குறையென்று தள்ளாதீர்கள். நான் விற்கிற எவர்சில்வர் குடத்தில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது, பிரஸ்ஸில் வருவது. ஒரே கொல்லர் அடித்த இரண்டு குக்குரி ஒன்றுபோல் இருக்காது.

பெயரில்லாத கைகள்

இதை அடிக்கும் சமூகத்தாருக்கு நேப்பாளியில் காமி என்று பெயர். விசுவகர்மா என்றும் போட்டுக்கொள்வார்கள். 1854இல் நேப்பாள அரசு இயற்றிய முலுகி ஐன் என்னும் சட்டம் இவர்களைத் தீண்டத்தகாதார் பட்டியலில் வைத்தது. 1963இல் வந்த புதிய சட்டம் அந்தப் பாகுபாட்டை ஏட்டிலிருந்து எடுத்தது. ஆனால் 2011இல் தீண்டாமையைக் குற்றமாக்கித் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது என்றால், ஏட்டில் போனது வீட்டில் போகவில்லை என்றுதானே அர்த்தம்? அரசனும் சிப்பாயும் இடுப்பில் வைத்துக் கொண்டாடிய கத்தி. அதைச் செய்தவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இந்த அநியாயத்தை விட்டுவிட்டுக் குக்குரியின் பெருமை பேசுவது அரைச் சரித்திரம்.

சமணன் வீட்டில் கத்தியா?

இனி அன்பர்கள் கேட்ட கேள்வி. ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த தொழில்கள் ஆறு என்று எங்கள் புராணம் சொல்லும்: அசி, மசி, கிருஷி, வித்யை, வாணிஜ்யம், சில்பம். வாளில் தொடங்கும் வரிசை கைத்தொழிலில் முடிகிறது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமோ, இல்லறத்தார் பிறருக்குக் கொலைக்கருவி கொடுப்பதை ஹிம்ஸாதானம் என்று விலக்குகிறது. ஆகவே நான் குக்குரியை விற்பதில்லை, பரிசாகவும் தருவதில்லை. மனதறிந்து செய்யும் கொலையை இல்லறத்தான் முற்றும் விட வேண்டும்; வீட்டு வேலையில் தவிர்க்க முடியாமல் நேரும் இம்சையை எச்சரிக்கையால் குறைக்க வேண்டும். மலைநாட்டு வீடுகளில் தசைன் பண்டிகைக்கு இதே கத்தியால் ஆடு வெட்டுவதை நான் அறிவேன். என் கத்தி அதற்கு இல்லை. தேங்காய் மட்டையும் காய்ந்த கிளையும்தான் அதற்கு வேலை.

நம் சட்டமும் நோக்கத்தைப் பார்த்தே பிரித்தது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்த்த 1962ஆம் ஆண்டு விதிகள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றை விலக்கி வைத்தன.

வைத்திருப்போருக்குச் சில வார்த்தை

வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். தோலுறைக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் துருப்பிடிக்கும். நான் தோலை விலக்குகிறவன் என்பதால் மரப்பிடியும் மரவுறையும் கேட்டு வாங்கினேன். இந்த விஷயத்தில் விரதமும் கத்தியும் ஒத்துப்போயின. உருவும்போது உறையை முதுகுப் பக்கமாகவே பற்ற வேண்டும். கூர்ப் பக்கம் விரல் சுற்றிப் பிடித்தால் உறையைக் கிழித்துக்கொண்டு விரலில் இறங்கிவிடும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த முறை மலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கடைத்தெருவில் முலாம் பூசிய ஜோடியை வாங்காதீர்கள். ஒரு பட்டறை தேடிப் போங்கள். விலையில் அடித்துப் பேசாதீர்கள். அவர்கள் தேநீர் கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். அடித்தவர் பெயரையும் ஊரையும் தேதியையும் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி உறையோடு கட்டி வையுங்கள். பேரப்பிள்ளைகள் காலத்திலும் கத்தி இருக்கும். இது யார் செய்தது என்று அவர்கள் கேட்டால், சொல்வதற்கு ஒரு பெயர் வேண்டும்.