பாதை திறந்த வரலாறு

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அதன் சாலைகளைக் கொண்டும் வண்டிகளைக் கொண்டும் அளப்பது அறிஞர் வழக்கம். எத்தனை மைல் சாலை போடப்பட்டது, எத்தனை பேருந்துகள் ஓடுகின்றன என்று கணக்கெடுத்துப் பெருமை கொள்கிறார்கள். நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பாதிக் கணக்கே ஆகும். சாலை இருந்தும் நடக்க முடியாமலும், வண்டி இருந்தும் ஏற முடியாமலும் நம் முன்னோர் வாழ்ந்தார்கள். ஆகவே போக்குவரத்தின் வரலாற்றை நாம் எழுதப் புகுந்தால் ‘யார் போட்ட சாலை?’ என்பதோடு, ‘யார் நடந்த சாலை?’ என்றும் கேட்டாக வேண்டும். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணமும் உண்டு. பள்ளிக்குச் செல்லும் பாதை திறவாத வரையில் பள்ளியின் கதவு திறந்திருந்தும் பயனில்லை.

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சீட்டு வாங்கியவர் எவராயினும் ஏறலாம் என்ற நிலை அதனால் பிறந்தது. ஆனால் இரயில் நிலையத்தோடு அந்தச் சமத்துவம் முடிந்துவிட்டது. 1901ஆம் ஆண்டு சிறுவராயிருந்த டாக்டர் அம்பேத்கர், தம் தந்தையைக் காண மசூர் நிலையத்தில் இறங்கிக் கோரேகானுக்குச் செல்ல வேண்டியிருந்தது. சாதியை அறிந்ததும் மாட்டு வண்டிக்காரர் எவரும் ஏற்றிச்செல்ல இசையவில்லை. இறுதியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். 1929ஆம் ஆண்டிலோ அவர் பாரிஸ்டர். பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். அப்போதும் சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர்கள் அவருக்கு வண்டியோட்ட மறுத்தார்கள். பழக்கமில்லாத நம்மவர் ஒருவர் ஓட்டிய வண்டி ஒரு சிறு பாலத்தில் மோத, அவர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தார். இருபத்தெட்டு ஆண்டுகளில் அவர் பட்டங்கள் பல பெற்றார். வண்டிக்காரரின் மனம் மட்டும் ஓரடியும் நகரவில்லை.

மனம் மாறும் வரை காத்திருக்க மறுத்தவர்களே பாதையைத் திறந்தார்கள். திருவிதாங்கூரில் 1893ஆம் ஆண்டு அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட வில்வண்டியை விலைக்கு வாங்கிப் பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். அதே நாட்டில் 1924ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் வைக்கம் கோயிலைச் சுற்றிய சாலைகளுக்காகப் போராட்டம் தொடங்கிற்று; தமிழகத்திலிருந்து சென்ற பெரியார் அங்கே சிறை புகுந்தார். 1925இல் மூன்று பக்கச் சாலைகள் திறக்கப்பட்டன. கிழக்குச் சாலை முழுமையாகத் திறப்பதற்கு 1936ஆம் ஆண்டின் கோயில் நுழைவுப் பிரகடனம் வரவேண்டியிருந்தது. ஒரே கோயிலின் நான்கு தெருக்களைக் கடக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் இதே உரிமை சட்டமன்றத்தின் வழியாக வந்தது. வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே 1924ஆம் ஆண்டில் சட்டமன்ற உறுப்பினரான இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலை, தெரு, கிணறு, பொது இடங்கள் அனைத்தும் ஆதி திராவிடர் உள்ளிட்ட எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். அது அவ்வாண்டு செப்டம்பரில் அரசாணையாக வெளிவந்தது. ஆணை வந்துவிட்டது, ஆனால் தடுப்பவரைத் தண்டிக்க அதில் வழியில்லை. அக்குறையை நீக்கப் பாடுபட்டவர் ஆர். வீரையன். தடுப்போருக்கு அபராதம் விதிக்கும் திருத்தம் 1926ஆம் ஆண்டு வந்தது. பின்னர் 1938இல் எம். சி. இராஜா கொண்டுவந்த சமூக உரிமைத் தடை நீக்கச் சட்டம், சாலை, கிணறு ஆகியவற்றோடு பொதுப் போக்குவரத்தையும் சேர்த்து உரிமையாக்கியது. தீர்மானம், ஆணை, தண்டனை, சட்டம் என்று ஒவ்வொரு படியாக ஏறப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

இவ்விடத்தில் ஒரு செயலை நாம் சிறப்பாக நினைவுகூர வேண்டும். மோட்டார் பஸ்கள் கிராமப்புறங்களில் ஓடத் தொடங்கிய காலத்தில், இராமநாதபுரம் மாவட்டத்தில் தனியார் பஸ் முதலாளிகள் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்துவந்தார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மாவட்ட ஜில்லா போர்டின் தலைவராயிருந்தவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார். ஆதி திராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் பறிக்கப்படும் என்று அவர் ஆணையிட்டார். கோயில் நுழைவுக்குத் தடை கண்ட நாடார் சமுதாயத்தில் பிறந்தவர் அவர். அவமதிப்பின் வலி அவருக்குத் தெரியும். சட்டமன்றத்தில் விவாதம் நடத்தவோ, முதலாளிகளுக்கு நல்லுரை கூறவோ அவர் காத்திருக்கவில்லை. உரிமம் என்னும் ஒரே கயிறு தம் கையிலிருப்பதைக் கண்டார். அதை இழுத்துப் பிடித்தார். அரசியல் உறுதி என்று இன்று பலரும் பேசும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை வேறில்லை. அதிகாரம் பலரிடம் இருந்தது. அதைப் பயன்படுத்தத் துணிந்தவர் சிலரே.

விடுதலைக்குப் பின் 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் பொது வாகனத்தில் ஏற விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. அதுவே 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாக வலுப்பெற்றது. தமிழகத்தில் 1972ஆம் ஆண்டு பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்னும் பெயர்களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. பஸ் பொதுச் சொத்தானதால் விளைந்த நன்மைகளில் தலையாயது ஒன்று உண்டு. முதலாளியின் விருப்பப்படி ஆள் எடுத்த காலம் மாறி, இட ஒதுக்கீட்டின் வழியே நம் இளைஞர்கள் ஓட்டுநராகவும் நடத்துநராகவும் அமர வழி பிறந்தது. ஏற மறுக்கப்பட்டவரின் பேரன் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் நின்றான். இது சிறிய மாற்றமன்று.

ஆயினும் அரசின் உறுதி தளர்ந்த ஆண்டையும் மறைக்காமல் எழுதுவதே வரலாற்றுக்கு அழகு. 1997ஆம் ஆண்டு விருதுநகரில் அமைந்த போக்குவரத்துக் கழகத்திற்குக் கட்டபொம்மனின் படைத்தலைவர் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. அரசர், தலைவர் எனப் பலர் பெயரால் ஓடிய பஸ்களில் ஏறியவர்களில் ஒரு சாரார், நம்மில் ஒருவரின் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் பலியாயின. அதன் முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கிவிட்டது. எல்லாப் பெயரும் போனதால் அமைதி வந்தது என்பர் சிலர். ஒரு பெயரைத் தாங்க மாட்டாமல் அத்தனை பெயர்களும் போயின என்பதே நாம் கண்ட உண்மை.

சட்டம் எவ்வளவு தூரம் இறங்கி வரவேண்டியிருக்கிறது என்பதற்கு மற்றுமொரு சான்று கூறுவோம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டது. பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், காலணி அணிவதையும் தடுப்பது குற்றம் என்று அத்திருத்தம் பெயர் சொல்லி எழுதியது. இரட்டைமலையாரின் தீர்மானத்திற்குத் தொண்ணூற்றோராண்டுகளுக்குப் பின்னும் மிதிவண்டி ஓட்டும் உரிமையைப் பாராளுமன்றம் எழுதித் தரவேண்டியிருந்தது! மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவரில் வழி திறக்க 2008ஆம் ஆண்டு மே மாதம் வரை நம்மவர் போராட வேண்டியிருந்தது.

நன்மைகளும் வந்துள்ளன. 1997இல் சிற்றூர்களுக்கு மினி பஸ் திட்டம் வந்தது; 2025இல் அது விரிவான புதிய திட்டமாக மீண்டும் தொடங்கப்பட்டது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கிறார்கள். கூலி வேலைக்குச் செல்லும் நம் தாய்மார்க்கு அது நாள்தோறும் மிச்சமாகும் பணம். ஆனால் கட்டணமில்லாத பஸ்ஸும் காலனி வாசலில் நின்றால்தான் பயன். ஊர் நடுவில் நிறுத்தம், காலனிக்கு நடை என்ற நிலை உள்ள இடங்களில், மாலை இருட்டில் அந்த நடைக்கு அஞ்சியே பெற்றோர் பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறார்கள். நிறுத்தம் எங்கே என்ற சிறு கேள்வியில் ஒரு தலைமுறையின் கல்வி அடங்கியிருக்கிறது.

இளைஞர்களே! வழித்தடமும் நிறுத்தமும் வானத்திலிருந்து இறங்குபவை அல்ல. அவற்றை முடிவு செய்யும் அதிகாரி இருக்கிறார். மாவட்ட ஆட்சியர் இருக்கிறார். கிராம சபை இருக்கிறது. உரிமம் யார் கையில் என்று சௌந்தரபாண்டியனார் கண்டறிந்தது போல, நம் ஊர் நிறுத்தம் யார் கையெழுத்தில் நிற்கிறது என்று நாமும் கண்டறிய வேண்டும். கிராம சபையில் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். மனுவுக்கு ஒப்புகை பெறுங்கள். பதில் வராவிடில் மறுபடியும் எழுதுங்கள். இரட்டைமலையாரும், வீரையனும், இராஜாவும் எழுத்தாலும் வாதத்தாலும் வென்றவர்கள். நாம் கற்ற கல்வியின் முதற்பயன், நமக்குப் பின் வரும் பிள்ளை நடந்து களைக்காமல் பள்ளி சேர வழி செய்வதே. ஆட்சியாளரின் உறுதி தானே பிறப்பதில்லை. கேட்பவரின் உறுதி கண்டே அது பிறக்கிறது.