சுவிப்டின் உரைநடையும் அச்சாளர் நிலையும்

அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம் எனவும் பழிகரப்பு அங்கதம் எனவும் இருவகையாகப் பகுத்துக் காண்பது தமிழ் இலக்கண மரபு. வெளிப்படையாகப் பழித்துரைப்பது முன்னது; பழியை உள்ளே கரந்து பிறிதொன்று போலக் கூறுவது பின்னது. ஆங்கில உரைநடையில் அங்கதத்திற்குத் தலைசிறந்தவராகப் போற்றப்பெறும் ஜோனதன் சுவிப்டின் (1667–1745) நூல்களில் இவ்விருவகையும் உள. இவற்றோடு, அவர்தம் அரசியல் துண்டுநூல்களில் வேறொரு மறைப்பும் காணப்படுகின்றது. பழிப்பவன் தன்னையே மறைத்துக்கொண்டு பிறன் ஒருவன் குரலிற் பேசுதலே அம்மறைப்பாகும். இதனைக் கலை உத்தியாகவே கொண்டு விளக்குவது திறனாய்வாளர் பலர்தம் வழக்கம். அக்காலத்து அச்சுத் தொழிலின் நிலையையும் வழக்குமன்றச் செய்திகளையும் உடன்வைத்து நோக்குவார்க்கு, அவ்வுத்தியின் பின்னே வரலாற்றுக் காரணம் ஒன்று இருத்தல் புலனாகும். அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவிப்டு டப்ளின் நகரில், அயர்லாந்திற் குடியேறிய ஆங்கிலக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியிற் பயின்று, பின் இங்கிலாந்திற் சர் வில்லியம் டெம்பிளிடம் செயலராகப் பணிபுரிந்தார். 1710 முதல் 1714 வரை இலண்டனில் டோரிக் கட்சி அமைச்சர்களுக்குத் துணையாக எழுதினார். அக்காலத்தே அவர் எழுதிய ‘நேச நாடுகளின் நடத்தை’ (1711) என்னும் துண்டுநூல் ஓரிரு திங்களில் ஏறத்தாழ 11,000 படிகள் விற்றது என்பர். 1714இல் வெளிவந்த மற்றொரு துண்டுநூலின் ஆசிரியரைக் காட்டிக்கொடுப்பார்க்கு 300 பவுன் பரிசு என அரசு அறிவித்தது. ஆசிரியர் அகப்படவில்லை, அச்சிட்டவரும் வெளியிட்டவருமே காவலில் வைக்கப்பட்டனர். அவ்வாண்டில் ஆன் அரசி மறைந்ததும் டோரிகள் வீழ்ந்தனர். முந்திய ஆண்டிற் பெற்றிருந்த செயின்ட் பேட்ரிக் தேவாலயத் தலைமைக் குரு பதவியுடன் சுவிப்டு டப்ளினில் தங்கிவிட்டார்.

அயர்லாந்திற்குத் தனி நாடாளுமன்றம் இருந்ததாயினும், அதன் ஆற்றல் குறுகியது. அயர்லாந்தின் கம்பளித் துணி ஏற்றுமதியை 1699ஆம் ஆண்டுச் சட்டம் முடக்கியது. 1720இல் இயற்றப்பட்ட விளம்பல் சட்டம், அயர்லாந்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றும் உரிமை பிரித்தானிய நாடாளுமன்றத்திற்கு உண்டு என நிலைநாட்டியது. அவ்வாண்டிலேயே, அயர்லாந்து மக்கள் தம் நாட்டு நெசவையே உடுத்தல் வேண்டும் என வலியுறுத்தும் துண்டுநூல் ஒன்றைச் சுவிப்டு பெயரின்றி வெளியிட்டார். எழுதியவர் யார் என்பது நகர் அறிந்த செய்தி. எனினும், வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டவர் அதனை அச்சிட்ட எட்வர்டு வாட்டர்ஸ் என்பவரே. ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றனர். தலைமை நீதிபதி விட்செட் அதனை ஏலாது, அவர்களை ஒன்பது முறை திருப்பியனுப்பிப் பதினொரு மணிநேரம் வருத்தினார் எனச் சுவிப்டே எழுதிவைத்துள்ளார். அரசு இவ்வழக்கைக் கைவிட ஓராண்டிற்கு மேலாயிற்று. சுவிப்டின் பிற்கால நூல்களைக் கற்பார் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

1722இல் வுல்வர்காம்டன் இரும்பு வணிகர் வில்லியம் உட் என்பார் அயர்லாந்திற்கு அரைப் பென்னி, கால் பென்னிச் செப்புக் காசுகளை அடித்துத் தரும் உரிமைப் பட்டயம் பெற்றார். பதினான்கு ஆண்டுகளில் 100,800 பவுன் மதிப்புள்ள காசு அடிக்கலாம் என்பது அதன் வரம்பு. முதலாம் ஜார்ஜ் மன்னரின் அன்பிற்குரிய கெண்டல் கோமகளுக்கு 10,000 பவுன் கொடுத்து உட் இதனைப் பெற்றார். ஒரு பவுண்டு எடையுள்ள செம்பை இங்கிலாந்தில் 23 பென்னியாக அடிக்க, இப்பட்டயம் 30 பென்னியாக அடிக்க இடந்தந்தது. அயர்லாந்து நாடாளுமன்றத்தின் உடன்பாடு கேட்கப்படவில்லை. 1723இல் அது விடுத்த முறையீடுகளும் பயன் தரவில்லை.

இந்நிலையில், 1724ஆம் ஆண்டின் முற்பகுதியில் ‘அறுவை வாணிகன் மடல்கள்’ வரிசையின் முதல் மடல் ஜான் ஹார்டிங் என்பவரின் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. எம். பி. என்னும் முதலெழுத்துக்களோடு டப்ளின் துணிக்கடைக்காரர் ஒருவர் கைவணிகர்க்கும் கடைக்காரர்க்கும் உழவர்க்கும் பொதுமக்கட்கும் எழுதுவதாக அஃது அமைந்தது. அறிஞர் சுவிப்டும் தலைமைக் குரு சுவிப்டும் அதன்கண் இலர். கடைக்காரர் கணக்கே அதன் அளவை. நிலக்கிழார் ஒருவர் சரக்கு வாங்க நகருக்கு வரின், உட்டின் காசுகளைச் சுமக்க எத்தனை குதிரை வேண்டும், பெருஞ்செல்வரான கனொலியின் குத்தகைப் பணத்தைக் கொணர இருநூற்றுக்கு மேற்பட்ட குதிரைகள் வேண்டாவோ என அவர் எண்ணிக் காட்டுகின்றார். சொற்கள் எளியன, வாதம் அங்காடியிற் கேட்டற்குரியது. தம் நூல்களை அச்சேறுமுன் ஏவலர்க்குப் படித்துக் காட்டி, அவர்க்கு விளங்காதவற்றை மாற்றுவது சுவிப்டின் வழக்கம் என்று, பின்னாளில் அவர் நூல்களைத் தொகுத்து வெளியிட்ட ஜார்ஜ் ஃபாக்னர் கூறுவர். இம்மடல்களின் எளிமை அத்தகைய உழைப்பால் வந்ததாகும்.

முதல் மடலிலேயே, நாட்டு நெசவை உடுத்துமாறு சில ஆண்டுகட்கு முன் அறிவுரை கூறிய நூல் ஒன்றின் பொருட்டு ஏழை அச்சாளர் ஒருவர் வழக்கிற்கு இழுக்கப்பட்டமையை அறுவை வாணிகன் நினைவூட்டுகின்றான். எனவே, அச்சாளர்க்கு நேரக்கூடிய துன்பத்தை நன்கறிந்தே சுவிப்டு இம்மடல்களை எழுதினார் எனக் கொள்ளுதல் பொருந்தும். இரண்டாம் மடல் ஹார்டிங்கிற்கே எழுதப்பட்டதாக அமைந்திருத்தலும் கருதத்தக்கது. ஆசிரியர் பெயர் புனைபெயர். அச்சாளர் பெயரோ உண்மைப் பெயர்.

காசின் தரம் பற்றிய வாதத்தைப் பொறுத்தவரை சுவிப்டு கூறுவன அனைத்தும் உண்மையல்ல. நாணயச் சாலைத் தலைவராய் விளங்கிய ஐசக் நியூட்டனும் அவர்தம் துணைவரும் 1724இல் மாதிரிக் காசுகளைச் சோதித்து, அவை பட்டயத்திற்கு இயைந்தனவே என அறிவித்தனர். சோதனைக்கென்றே சில நற்காசுகளை உட் அடித்து அனுப்பியிருப்பார் என்பது அறுவை வாணிகனின் விடை. இது வழக்குரைஞர் திறமேயன்றி வரலாற்றுச் சான்று ஆகாது. காசு அறவே மதிப்பற்றது என்று அவன் கூறுவது மிகையுரை. ஆயினும், மிகையுரையின் அடியில் மெய்ம்மை ஒன்று உண்டு. ஒரு நாட்டின் நாணயத்தை அந்நாட்டாரின் இசைவின்றித் தனியொருவர் ஆதாயத்திற்கு விடலாமா என்பதே உண்மை வினா.

அவ்வினா நான்காம் மடலில் வெளிப்படையாக எழுப்பப்பட்டது. அயர்லாந்தின் மக்கள் அனைவர்க்கும் என விளித்த அம்மடல், ஆளப்படுவார் இசைவின்றி ஆளுதல் அடிமைத்தனமே என்னும் கொள்கையை நிறுவிற்று. 1724 அக்டோபரில் அது வெளிவந்த நாளிலேயே கார்ட்டரெட் பிரபு புதிய அரசப் பிரதிநிதியாக டப்ளினில் வந்திறங்கினார். சில நாட்களில், ஆசிரியரைக் காட்டிக்கொடுப்பார்க்கு 300 பவுன் என்னும் அறிவிப்பு வெளிவந்தது. 1714இல் இலண்டனில் அறிவித்த தொகையும் இதுவே. பரிசைப் பெற ஒருவரும் முன்வரவில்லை. ஹார்டிங் சிறைப்பட்டார். அவ்வழக்கை ஆய்வதற்குரிய கிராண்டு ஜூரிக்கு அறிவுரையாகச் சுவிப்டு மற்றொரு தாளையும் பெயரின்றி வெளியிட்டார். அத்தாளைக் குற்றமுடையதெனக் கூற மறுத்த ஜூரியை விட்செட் கலைத்தார். அடுத்து அமர்ந்த ஜூரியோ, உட்டின் காசைப் புழங்கவிட முயல்வாரையே குற்றஞ்சாட்டிற்று. 1725இல் பட்டயம் மீட்டுக்கொள்ளப்பட்டது. உட்டிற்கு ஆண்டிற்கு 3,000 பவுனாக எட்டாண்டுகட்கு ஈடு வழங்க அரசு இசைந்தது. ஹார்டிங் அவ்வாண்டிலேயே இறந்தார். அவர்க்கு ஈடு வழங்கியதாக எச்செய்தியையும் யாம் கண்டிலேம்.

சுவிப்டு தம்மை முற்றும் ஒளித்துக்கொண்டார் எனக் கூறுதலும் நேரிதன்று. பரிசு அறிவிப்பை ஒட்டித் தம் பெயரின் முதலெழுத்துக்களை இட்டு, அயர்லாந்தின் சான்சலர் மிடில்டனுக்கு அவர் ஒரு மடல் எழுதினார். ஆயின் அஃது அன்று வெளியிடப்படவில்லை. 1735இல் ஃபாக்னரின் தொகுப்பிலேயே முதன்முதல் அச்சேறிற்று. எழுதும் துணிவும் வெளியிடாத் தயக்கமும் ஒருவரிடத்தே இருந்தமைக்கு இதுவே சான்று.

மக்கள் அனைவர்க்கும் என அவர் விளித்த தொடரையும் அளந்தே பொருள்கொள்ளல் வேண்டும். நாட்டின் பெரும்பான்மையோராகிய கத்தோலிக்கர்க்கு அரசியல் உரிமைகள் பெரும்பாலும் மறுக்கப்பட்டிருந்தன. தம் திருச்சபை சாராதாரைப் பதவிகளினின்று விலக்கும் சட்டத்தைச் சுவிப்டு இறுதிவரை ஆதரித்தவர். மடல்களின் உரிமைக்குரல், முதன்மையாக, அயர்லாந்தில் வாழ்ந்த ஆங்கில வழியினரின் குரலே. ஆனால் வாதத்தின் சொற்கள் பொதுமையுடையனவாக இருந்தமையின், பிற்காலத்தார் அவற்றை நாடு முழுமைக்கும் உரியனவாக எடுத்துக்கொண்டனர்.

1726 முதல் விளைச்சல் தொடர்ந்து பொய்த்து, அயர்லாந்து பசியில் உழன்ற காலத்தே பிறந்தது 1729இல் வெளிவந்த ‘ஓர் அடக்கமான திட்டம்’. இங்குப் பேசுபவன் கடைக்காரனல்லன். புள்ளிக்கணக்கில் மூழ்கிய பொருளாதாரத் திட்டக்காரன். வறியோர்க்கு ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகள் 120,000 எனக் கணக்கிட்டு, 20,000 போக எஞ்சிய 100,000 குழந்தைகளைச் செல்வர் உணவிற்கு விற்கலாம் என அவன் கூறுகின்றான். மனிதரை எண்ணாகவே கண்ட அக்காலத்து அரசியற் கணக்கு நூல்களின் நடையே அவனுக்கு வாய்த்த நடை. அயலகத்தில் வாழும் நிலக்கிழார்க்கு வரி விதித்தல், உள்நாட்டு நெசவையே உடுத்தல் முதலிய உண்மைத் தீர்வுகளைப் பயனற்றவை என அவன் ஒதுக்கும் இடத்தில், 1720இல் சுவிப்டு வெளிப்படக் கூறிய அறிவுரையே மீண்டும் வருகின்றது. முன்னர்ச் செம்பொருளாகக் கூறியது பயன்படாமையால், பின்னர்ப் பழிகரப்பாகக் கூறினார் எனலாம். இந்நூலை அச்சிட்டவர், இறந்த ஹார்டிங்கின் மனைவி சாரா ஹார்டிங்.

அச்சாளரின் அச்சம் நூலின் வடிவத்தையே மாற்றியதற்குக் ‘கலிவரின் பயணங்கள்’ (1726) சான்றாகும். மேலே பறக்கும் தீவினை லிண்டலினோ என்னும் நகரத்தார் எதிர்த்து வென்ற வரலாறு அதன் மூன்றாம் பகுதிக்கு உரியது. டப்ளின் மக்கள் உட்டின் காசை எதிர்த்த நிகழ்ச்சியின் உருவகம் அது என்பது வெளிப்படை. ஆசிரியர் காலத்துப் பதிப்பு எதிலும் அப்பகுதி இடம்பெறவில்லை. 1899ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அது முதன்முதல் அச்சேறிற்று.

மேற்கூறியவற்றால், சுவிப்டின் உரைநடையில் நாம் வியக்கும் பிறர்குரற் பேச்சு, எழுதியவரைச் சான்றுகாட்டி நிறுவ இயலாவாறு காத்த அரண் எனவும், அவ்வரணின் வெளியே நின்றவர் அச்சாளர் எனவும் அறியலாம். இதனாற் சுவிப்டின் பெருமை குறையாது. ஒரு நாட்டின் பட்டயத்தைச் சில தாள்களால் மீட்ட உரைநடை அவருடையது. ஆனால், அவ்வெற்றியின் வரலாற்றை எழுதுவார் ஆசிரியர் பெயரோடு வாட்டர்ஸ், ஜான் ஹார்டிங், சாரா ஹார்டிங் ஆகியோர் பெயர்களையும் சேர்த்தெழுதுதல் கடன் என்பது எம் துணிபு.