நியூட்டன் பதிந்த வாக்குமூலங்கள்

கள்ள நாணய வழக்குகள், இங்கிலாந்து: 17-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இங்கிலாந்தின் கள்ளக் காசுக் கும்பல்களைத் துப்புத் துலக்கியவர் இயற்பியல் மேதை ஐசக் நியூட்டன். 1696-இல் லண்டன் கோபுரக் கோட்டைக்குள் இருந்த அரச நாணயச்சாலைக்கு அவர் வார்டனாக வந்தார். அப்போது பழைய வெள்ளிக் காசுகள் பலவும் விளிம்பு வெட்டப்பட்டுப் பாதி எடைக்கு இளைத்துக் கிடந்தன. அரசு அவற்றைத் திரும்பப் பெற்று, வெட்டினால் தெரிந்துவிடும்படி விளிம்பில் பொறிப்புள்ள காசுகளைப் புழக்கத்தில் விட்டது. கள்ளக் காசு அடிப்பவர்களோ ஓயவில்லை.

அந்தக் குற்றம் ராஜத் துரோகம், தண்டனை மரணம். குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றுவது வார்டனின் பொறுப்பு. இன்றுள்ளது போன்ற காவல்துறை இல்லாத காலம் அது. வழக்கு நின்றதும் விழுந்ததும் சாட்சியால்தான். சாட்சி சொல்ல வந்தவர்களோ கூட்டாளிகள், அவர்களுடைய மனைவிமார், கள்ளக் காசை மாற்றிக் கொடுத்தவர்கள். தம் கழுத்தைக் காக்கப் பிறர் கழுத்தைக் காட்டியவர்களே அதிகம். தலைக்கு 40 பவுன் வெகுமதி என்றானதும், நீதிமன்றங்கள் சாட்சிகளையே நம்ப மறுப்பதாக நியூட்டன் கருவூலத்துக்கு எழுதி, இந்த வேலையிலிருந்து தம்மை விடுவிக்கக் கேட்டார். விடுவிக்கவில்லை.

பிறகு அவர் இறங்கிய வேகம் அசாத்தியமானது. 1698 ஜூனிலிருந்து 1699 கிறிஸ்துமஸுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட விசாரணைகள். அச்சு வெட்டியவர் யார், எந்த வீட்டில், காசை யார் கடைக்குக் கொண்டுபோனார் என்று சத்தியப் பிரமாணத்தின்மேல் சொல்லவைத்து எழுதி வாங்கினார். வண்டிக்கூலி, மதுக்கடை, சிறை என்று ஆன செலவுக்கும் கணக்குக் காட்டியிருக்கிறார்.

இவற்றில் பேர்போனது வில்லியம் சலோனர் வழக்கு. பர்மிங்காமில் ஆணி செய்பவரிடம் தொழில் பழகியவர்; தங்க முலாம் பூசிய கள்ளக் கினிக் காசுகளால் பணக்காரர் ஆனவர். நாணயச்சாலைக்குள் ஊழல் என்று 1697-இல் நாடாளுமன்றக் குழுவின் முன்பே முறையிட்ட துணிச்சல்காரர்! முதல் முறை பிடிபட்டபோது, முக்கியச் சாட்சியைப் பணம் கொடுத்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பித் தப்பினார். ஆங்கிலேய நீதிமன்றத்தின் கை அங்கே எட்டாது.

இரண்டாம் முறை நியூட்டன் ஒரே சாட்சியை நம்பவில்லை. சலோனரின் பழைய கூட்டாளிகளையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் தனித்தனியே விசாரித்தார். நியூகேட் சிறையில் உடனிருந்த கைதிகளையே உளவு சொல்ல வைத்தார். சலோனர் பைத்தியம்போல் நடித்தும் பலிக்கவில்லை. 1699 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. உயிர்ப்பிச்சை கேட்டு நியூட்டனுக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார்.

வாக்குமூலக் காகிதங்களைப் பெட்டி பெட்டியாக எரிக்க நியூட்டனுக்குத் தாம் உதவியதாக அவருடைய சகோதரி மகளின் கணவர் ஜான் காண்டுயிட் கூறியுள்ளார். எஞ்சியவை இன்று பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.