கல்லாப்பெட்டியிலிருந்து கல்லூரிக்கு



நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் வரலாறு படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமா முடித்துவிட்டு, செலண்டாரில் புல்வெட்டும் இயந்திரமும் தண்ணீர்ப் பம்பும் உதிரிப் பாகங்களும் விற்கிற வியாபாரி. ஆனால் வியாபாரிகள் கல்லூரி கட்டிய வரலாறு ஒன்று நமக்கு இருக்கிறது. அதை ஒரு வியாபாரி எழுதினால் தவறில்லை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

கடைக்காரர்கள் கட்டிய கல்லூரிகள்

மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் 859-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கரவிய்யீன் பள்ளிவாசலும் கல்விக்கூடமும் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற வணிகர் மகளின் பொருளால் எழுந்தவை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்று அது பல்கலைக்கழகம். வியாபாரத்தில் வந்த பணம் கல்விக்குப் போவது நம் மார்க்கத்தில் புதிய வழக்கம் அல்ல.

தமிழகத்தில் அந்த வழக்கம் தாமதமாகவே ஆங்கிலக் கல்விப் பக்கம் திரும்பியது. நம் முன்னோர் மார்க்கக் கல்வியில் குறை வைக்கவில்லை. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரிக்கு மலாயாவிலிருந்தும் மாணவர்கள் கப்பலேறிப் போய் ஓதினார்கள். ஆனால் ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றால் பலருக்குத் தயக்கம். அதன் விலை சீக்கிரமே தெரிந்தது. சரக்கு நம்முடையது, ஒப்பந்தம் எழுதவும், வழக்கு வந்தால் வாதாடவும், கணக்கைத் தணிக்கை செய்யவும் வேறொருவரைத் தேட வேண்டியிருந்தது.

இதை முதலில் உணர்ந்தவர்களில் தோல் வியாபாரிகள் முக்கியமானவர்கள். வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கியது. சென்னையில் தோல் வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த ஜமால் முகமது சாகிப், 1929-இல் அல்லாமா இக்பால் சென்னைக்கு வந்து ஆற்றிய சொற்பொழிவுகளுக்குத் துணை நின்றவர். லண்டன் வட்டமேசை மாநாட்டிலும் கலந்துகொண்டவர். அவர் பெயரைத் தாங்கி 1951-இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது. அதை நிறுவியதில் அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் வள்ளல் என்.எம். காஜாமியான் ராவுத்தர். கல்லூரி இருக்கும் பகுதிக்குக் காஜா நகர் என்றே பெயர். நம்மில் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கம் உறவுள்ள எந்தக் குடும்பத்திலும் அங்கே படித்த ஒருவராவது இருப்பார்.

அதே 1951-இல் சென்னையில் புதுக் கல்லூரி. 1955-இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, அது எம்.கே.என். மதரஸா டிரஸ்டின் பெயர் சொல்லும் கல்லூரி. 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி. 1971-இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. கொழும்பு, ஹாங்காங் என்று வியாபாரம் செய்து உயர்ந்த கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984-இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

பெண் கல்வியையும் மறக்கவில்லை. 1955-இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் சென்னையில் பெண்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார். 1988-இல் கீழக்கரையிலேயே தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்தது.

இவற்றில் கவனிக்க வேண்டியவை இரண்டு. உத்தமபாளையமும் அதிராம்பட்டினமும் பெரிய நகரங்கள் அல்ல. மகனை, மகளை மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்ப வசதியில்லாத வீட்டின் வாசலுக்கே கல்லூரியைக் கொண்டு வந்தார்கள். அடுத்தது, இக்கல்லூரிகளின் கதவு எல்லாச் சமயத்தாருக்கும் திறந்தே இருந்தது. ஊரில் எல்லோரோடும் வியாபாரம் செய்தவர்கள், ஊர் எல்லோருக்குமாகவே கல்லூரி கட்டினார்கள்.

மலாயாவில் ஏன் கட்டவில்லை?

நம்மவர்கள் மலாக்காவுக்கு வந்தது நேற்று அல்ல. மலாக்கா நகரில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிலிங் பள்ளிவாசல் 1748-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பள்ளிவாசல் கட்டினோம். மதரஸா வைத்தோம். கல்லூரி மட்டும் கட்டவில்லை.

காரணம் நம் வாழ்க்கை முறையில் இருந்தது. என் பாட்டனார் காலத்தில் ஆண்கள் மட்டும் இங்கே வருவார்கள். இரண்டு மூன்று ஆண்டு கடையில் நிற்பார்கள், ஊருக்குப் போவார்கள், திரும்ப வருவார்கள். மனைவி மக்கள் ஊரில். அதனால் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் கொடுக்கிற பணமும் ஊருக்கே போனது. சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமை, 1968-இல் வந்த வேலை அனுமதிச் சட்டம் என்று நிலைமை மாறியது. இங்கேயா, அங்கேயா என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. இங்கே என்று முடிவெடுத்தவர்கள் குடும்பத்தை அழைத்து வந்தார்கள். அப்படி வேர் விட்டவர்கள் கூடி அமைத்த சங்கங்களில் ஒன்றுதான் நம்முடையதும்.

இந்த மண்ணில் உயர்கல்விக்காகத் தமிழர்கள் ஒன்றுகூடிக் கொடுத்த நிகழ்வும் உண்டு. 1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளி முதல் கடைக்காரர் வரை தத்தம் சக்திக்கு ஏற்பக் கொடுத்தார்கள். 1956-இல் துறை தொடங்கியது. பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள் அல்லர்.

கல்லூரி வாசலுக்கு வந்தது

இனி நம் மலாக்கா. 1996-இல் இங்கே தெலிகோம் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதுவே பிறகு மல்டிமீடியா பல்கலைக்கழகம் ஆனது. 1997-இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி. 2000-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரி. 2007 முதல் அது டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா. 2002-இல் மெர்லிமாவ் பாலிடெக்னிக். நாடெங்கும் 2001 முதல் சமூகக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நம் செலண்டாரிலேயே இருக்கிறது. எஸ்.பி.எம்-இல் பெரிய மதிப்பெண் இல்லாத பிள்ளைக்கும் அங்கே வழி உண்டு. வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு.

தமிழகத்து முன்னோர் நிலம் கொடுத்து, கல் சுமந்து செய்ததை இங்கே அரசாங்கமே செய்து வைத்திருக்கிறது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஒரு சிறிய ஊருக்கு இது சாதாரண வாய்ப்பு அல்ல. ஆனால் கட்டடம் வாசலுக்கு வந்தால் மட்டும் பிள்ளை உள்ளே போய்விடுவதில்லை. இதை என் வீட்டிலேயே கண்டேன்.

அத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். அண்ணன் என்னைவிட நன்றாகப் படிப்பவர். எஸ்.பி.எம். எழுதி முடித்த மறுநாள் கடையில் நின்றார். அத்தாவுக்கு இடுப்பு வலி. ஆள் வைக்க வசதி இல்லை. "தம்பி படிக்கட்டும் அத்தா" என்று அவரே சொன்னார். அவ்வளவு தியாகத்துக்குப் பிறகும் முதல் ஆண்டு நான் உயர்கல்வி விண்ணப்பத்தைத் தவறவிட்டேன். எந்தத் தேதிக்குள், எந்தப் பாடத்துக்கு, எப்படி நிரப்புவது என்று கேட்க எங்கள் உறவில் படித்தவர் யாரும் இல்லை. ஓராண்டு கல்லாவில் உட்கார்ந்துவிட்டு அடுத்த ஆண்டுதான் பாலிடெக்னிக் போனேன். ஒரு பருவத்துக்குக் கட்டணம் 200 வெள்ளி. அந்தப் பணத்துக்காக அல்ல, ஒரு தகவலுக்காக ஓர் ஆண்டு போனது.

இன்று என் கடையில் பம்பைக் கழற்றிப் பார்த்து, இன்ன கோளாறு என்று சொல்லி, விலைப்பட்டியல் எழுதிக் கொடுக்க முடிகிறது. அத்தாவின் கடை சரக்கை மட்டும் விற்றது. என் கடை சரக்கோடு வேலைத்திறனையும் விற்கிறது. அந்தச் சான்றிதழில் என் பெயர் இருக்கிறது. பாதி அண்ணனுடையது என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த ஐம்பதுக்கு

பொன்விழா என்றால் மண்டபத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேசுவோம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதோடு மூன்று காரியங்களைச் சங்கத்தார் முன் வைக்கிறேன்.

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரமே, இஷா தொழுகைக்குப் பிறகு, சங்க மண்டபத்தில் இரண்டு மூன்று இரவு உட்காருவோம். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்போம். என் மடிக்கணினியோடு நான் வருகிறேன்.

கடையில் நிற்க ஆள் இல்லை என்பதால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்குமானால், அந்தக் குடும்பத்துக்கு வட்டியில்லாக் கடனாக ஒரு சிறு தொகை கொடுக்கும் நிதி தொடங்குவோம். பெண் பிள்ளைகளுக்கும் அது சமமாகப் போய்ச் சேர வேண்டும்.

படிப்பை விட்டுவிட்டுக் கடையில் நிற்பவர்களும் நம் பிள்ளைகள்தாம். அவர்களைச் சமூகக் கல்லூரியின் குறுகிய காலப் பயிற்சிகளுக்கு அனுப்பக் கடை முதலாளிகள் வாரத்தில் அரை நாள் விடுங்கள். அந்த அரை நாளின் பலன் உங்கள் கடைக்கே திரும்பி வரும்.

காஜாமியான் ராவுத்தரைப் போல ஒரு கல்லூரி கட்ட நம்மில் யாராலும் முடியாமல் போகலாம். கட்டி வைத்திருக்கும் கல்லூரி வரை ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப் போக நம் எல்லோராலும் முடியும். என் அண்ணன் எனக்குச் செய்தது அதுதான். இப்போது அவருடைய மூத்த மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். அவளுடைய விண்ணப்பம் ஒரு நாள்கூடத் தாமதமாகாது.

வல்ல இறைவன் நம் முயற்சிகளை ஏற்று அருள்வானாக. ஆமீன்.