ஒரு வகுப்புக்கு ஒரு வருடம்: இது யார் போட்ட கணக்கு?



ஜூன் மாதம் பள்ளி திறக்கும். ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு. அடுத்த ஜூனில் அடுத்த வகுப்பு. நமக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் இதுதான். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் இப்படிப் படித்ததில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விஜயதசமியன்று சேர்ப்பார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போவான். ஆத்திசூடி முடிந்தால் கொன்றைவேந்தன், கூடவே எண்சுவடி. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பேச்சே கிடையாது. முன்னால் போனவன் பின்னால் வருபவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவனை மேய்க்கச் சட்டாம்பிள்ளை இருப்பான்.

1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் புகுத்தி, பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்படி செய்தார். 1797-இல் அதைப் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர்.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் சொன்னார். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826-இல் பதிவு செய்தார். அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமில்லை. அடியும் கோதண்டமும் வேறு.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்வு முடிவைப் பார்த்துப் பள்ளிக்கு மானியம் கொடுக்கும் முறை வந்தது. ஆய்வாளர் வருவார், வகுப்புவாரியாகப் பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர்களை எண்ணிப் பணம் கிடைக்கும். 'ஒரு வருடம், ஒரு வகுப்பு, ஒரு பாடம்' என்ற கணக்கு நம் பள்ளிகளில் இறுகிப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிள்ளையின் வளர்ச்சியை விட மானியத்துக்கு வசதியான கணக்கு அது.

ஆனால் அனைவருக்கும் கதவைத் திறந்ததும் இந்த வகுப்புப் பள்ளிதான். 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். சோற்றுக்காக வந்தவர்களும் படித்தார்கள். நான் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தபோது என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான்.

2007-08-இல் செயல்வழிக் கற்றல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஏணிப்படி, அட்டைகள், பாயில் வட்டமாக உட்காருதல், சுவரின் அடியில் பிள்ளைகளுக்கான கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை எடுக்கும். கடலை பிடுங்கப் பெற்றோருடன் போய் மூன்று வாரம் கழித்து வந்த ஒரு பெண் பிள்ளை, நேராகத் தட்டுக்குப் போய், தான் விட்ட அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய முறையில் அவள் மூன்று பாடம் பின்தங்கியவள். இங்கே அப்படி ஒரு பேரே அவளுக்கு இல்லை.

குறைகளும் உண்டு. ஒரே ஆசிரியர் நான்கு வகுப்பு அட்டைகளையும் கவனிப்பது பெரும்பாடு. "வீட்டுப்பாடமே இல்லையே சார்" என்று பெற்றோர் குறைபட்டார்கள். 2012-13-இல் முப்பருவ முறை வந்தது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். பெயர் மாறினாலும், திண்ணை அறிந்திருந்த ஒன்றைத்தான் மீண்டும் மீண்டும் தேடுகிறோம்: பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது.

உங்களில் பலர் இன்று பெற்றோர். சிலர் பாட்டி, தாத்தா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஏப்ரலில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினால் பயப்படாதீர்கள், திட்டாதீர்கள். எந்த எழுத்தில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். தினமும் கால் மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். வருடக் கணக்கு பதிவேட்டுக்கு வேண்டும். பிள்ளைக்கு வேண்டியது கூட உட்கார ஒரு ஆள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.