மடங்கிய விரல்களை நிமிர்த்தியவர்

பிரெஞ்சுப் பள்ளியில் மைக்கூட்டில் தொட்டு எழுதத் தொடங்கி, ஓய்வு பெறும்வரை கோப்பு எழுதிய கை என்னுடையது. ஆனாலும் கை எவ்வளவு பெரிய கொடை என்பது டாக்டர் பால் பிராண்டைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். மருத்துவம் படிக்குமுன் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகியவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே விரல்கள் கொக்கிபோல் மடங்கிய ஒரு நோயாளியிடம், தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் டாக்டருக்கே வலித்தது! அப்படியானால் முன்கைத் தசைகளில் இன்னும் பலம் இருக்கிறது. நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிரும் என்று கண்டார். 1948-இல் அறுவை சிகிச்சைகள் தொடங்கின.

விரல் நிமிர்ந்தது, வயிறு நிறையவில்லை. மடங்கிய கையில் விழுந்த பிச்சை, நிமிர்ந்த கையில் விழவில்லை. குஷ்டம் வந்தவர் என்று வேலை கொடுப்பாரும் இல்லை. எனவே நவஜீவ நிலையம் தொடங்கி, அவர்களுக்கு மர வேலை கற்பித்தார்கள். டாக்டர் இளமையில் பிடித்த உளி அங்கே கைகொடுத்தது.

இயேசு தொழுநோயாளியைக் கைநீட்டித் தொட்டார் என்று நற்செய்தியில் கேட்கிறோம். அப்படித் தொட்ட கையில் ஒரு தொழிலையும் வைத்து அனுப்பினார் பிராண்ட். சேவை என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.