பயப்படாத இரண்டு பாதிரிமார்

பிராண்டேன்னு சொன்னா ஐரோப்பாவுல இருக்கிற ஈழத்தமிழர்களுக்கு ஞாபகம் வர்றது அபிராமி அம்மன் கோயில். என் கூடப் படிக்கிறவங்களுக்கு ஞாபகம் வர்றது காற்றாலை. யூட்லாந்துக்கு நடுவுல இருக்கிற இந்தச் சின்ன ஊர்லதான் முதுகலை ஆய்வுக்காகத் தங்கியிருக்கேன். ஆனா இந்தப் பதிவு கோயிலைப் பத்தியும் இல்லை, காற்றாலையைப் பத்தியும் இல்லை. இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடக்கூடிய ஒரு சாலையோரத்தைப் பத்தி.

சில்கெபோர்க்கிலிருந்து ஹெர்னிங் போகிற பழைய சாலையில் ஹோர்பிலுண்டே என்று ஓர் இடம். அங்கே சின்ன மேட்டில் ஒரு கல் சிலுவை நிற்கிறது. 1944 ஜனவரி 5 காலையில் அந்தச் சாலையோரப் பள்ளத்தில் ஒரு பாதிரியாரின் உடல் கிடந்தது. பெயர் காய் முங்க். வயது 45. முந்தின நாள் சாயங்காலம் ஜெர்மன்காரர்களின் ஆட்கள் வீட்டுக்கு வந்து, மனைவி, ஐந்து பிள்ளைகள் கண் முன்னாலேயே அழைத்துக்கொண்டு போய்ச் சுட்டுப் போட்டிருந்தார்கள்.

யார் இந்த ஆள்? 1898-ல் லோலாண்ட் தீவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட, உறவுக்காரக் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்தது. 1924-லிருந்து மேற்குக் கடற்கரைப் பக்கம் வேடெர்சோ என்கிற குக்கிராமத்தில் லுத்தரன் பாதிரியார். கூடவே நாடக ஆசிரியர். உலக சினிமா பார்க்கிற நம்மாளுங்களுக்கு ஒரு தகவல்: கார்ல் டிரையர் எடுத்து, 1955-ல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய 'ஓர்டெட்' படம் இவருடைய நாடகம்தான்.

இவர் பிறவி வீரர் எல்லாம் கிடையாது. முப்பதுகளில் முசோலினியையும் ஹிட்லரையும் வியந்தவர். நாடாளுமன்றப் பேச்சு வெட்டிப்பேச்சு, நாட்டுக்கு வேண்டியது ஒரு பலமான தலைவன் என்று நினைத்தவர். (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல?) அவர் மனதை உடைத்தது யூதர்களுக்கு நடந்த கொடுமை. 1938 நவம்பரில் யூட்லாந்தின் பெரிய நாளிதழில் முசோலினிக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார், யூதர்களைத் துன்புறுத்துவதை எதிர்த்து. அதே வருஷம் அதே விஷயத்தை வைத்து ஒரு நாடகமும் எழுதினார். கவனிங்க, அப்போ டென்மார்க்கை யாரும் பிடிக்கவில்லை. அவருடைய சபைக்கு எந்த ஆபத்தும் இல்லை. அடி வாங்கியது வேறு நாட்டில், வேறு மதத்துக்காரன்.

1940 ஏப்ரல் 9-ல் ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் வந்தது. அரசாங்கம் சில மணி நேரத்திலேயே பணிந்து, ஒத்துப்போகும் கொள்கையை எடுத்தது. தேவாலயங்கள் திறந்திருந்தன, ஞாயிறு ஆராதனை நடந்தது, கிறிஸ்துமஸும் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் எந்தப் பாதிரிக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. 'பகைமையான சூழல்' என்றால் சிங்கத்தின் வாயில் தள்ளுவது என்றே நாம் நினைக்கிறோம். பல நேரம் அது, "நீ உன் பூஜையைப் பாரு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று நல்லபடியாகவே சொல்லும்.

முங்க் அந்த ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நார்வேயில் 1942-ல் ஆயர்களும் அவர்களைத் தொடர்ந்து பெரும்பாலான பாதிரிமாரும் நாஜி ஆதரவு அரசுக்குக் கீழே வேலை பார்க்க மாட்டோம் என்று பதவி விலகினார்கள். அதைப் பற்றிப் பிரசங்கத்தில் பேசக் கூடாது என்று டென்மார்க்கின் அமைச்சகம் பாதிரிமாருக்குச் சுற்றறிக்கை விட்டபோது, கீழ்ப்படிய மாட்டேன் என்று எழுத்திலேயே பதில் அனுப்பினார் முங்க். 14-ஆம் நூற்றாண்டில் ஓர் அந்நியப் பிரபுவைக் கொன்ற டேனிஷ் வீரனை வைத்து அவர் எழுதிய 'நீல்ஸ் எபெசென்' நாடகம் 1942-ல் தடை செய்யப்பட்டது. கையிலிருந்து கைக்கு ரகசியமாகப் போனது.

1943 ஆகஸ்டு 29-ல் ஒத்துப்போகும் கொள்கையும் முடிந்தது, அரசு விலகியது. அடுத்தது யூதர்கள். அக்டோபர் 1 இரவு வேட்டை தொடங்கியது. அக்டோபர் 3 ஞாயிற்றுக்கிழமை டேனிஷ் ஆயர்களின் கடிதம் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. முன்னால் நின்றவர் கோபன்ஹேகன் ஆயர் ஃபுக்ல்சாங் டம்கார்ட். சாரம் இதுதான்: இயேசு பிறந்ததே யூதக் குலத்தில், யூதரைத் துன்புறுத்துவது அயலானை நேசி என்ற கட்டளைக்கு விரோதம், இந்த நாட்டின் நீதி உணர்வுக்கும் விரோதம், மனிதனா கடவுளா என்று வந்தால் நாங்கள் கடவுளுக்கே கீழ்ப்படிவோம்.

அந்த நாட்களில் ஏறக்குறைய 7,000 யூதர்கள் மீன்பிடிப் படகுகளில் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். பிடிபட்டவர்கள் 500-க்கும் குறைவு. எல்லாம் சுபமாக முடிந்ததா என்றால் இல்லை. கில்லெலெய் என்கிற கடற்கரை ஊரில் தேவாலயத்தின் பரணில் ஒளிந்திருந்த சுமார் 80 பேர் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார்கள். துணிச்சல் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

நண்பர்கள் முங்க்கைத் தலைமறைவாகச் சொன்னார்கள். போகவில்லை. தடை இருந்தும் 1943 டிசம்பரில் கோபன்ஹேகன் பேராலயத்தில் பிரசங்கம் செய்தார். 1944 புத்தாண்டு அன்று சொந்தக் கிராமத்தில் அங்கி போடாமல், பிரசங்க மேடையில் ஏறாமல், ஓவர்கோட்டோடு தரையில் நின்று பேசினார். காரணம், சபையிலேயே சிலர் ஜெர்மன் படைக்கு வேலை செய்து காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரியைத் திட்டுவது ஒரு தைரியம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தன்னைக் கூப்பிடுகிற சொந்த ஊர்க்காரன் முகத்துக்கு நேரே சொல்வது வேற லெவல் தைரியம். நாலாவது நாள் கார் வந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம ஊர் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. டென்மார்க்குக்கும் நமக்கும் உள்ள பழைய உறவே அதுதானே. 1620-லிருந்து 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்கும் வரை அது டேனிஷ்காரர்களின் ஊர். டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பி, 1706 ஜூலை 9-ல் அங்கே வந்து இறங்கியவர் சீகன்பால்கு. ஜெர்மன்காரர், வயது 23. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அவர் ஜெயிலுக்குப் போன கதையைப் படித்திருக்க மாட்டோம்.

அவரை உள்ளே போட்டது தஞ்சாவூர் ராஜா இல்லை. உள்ளூர் ஜனங்களும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபம் நடக்கிற டேனிஷ் கோட்டையின் தளபதி ஹாசியஸ்! மிஷனரிகள் வந்தால் வியாபாரம் கெடும் என்று கம்பெனிக்காரர்களுக்கு முதலிலிருந்தே எரிச்சல். 1708-ல் ஒரு வழக்கு வந்தது. முடிதிருத்தும் தொழில் செய்த ஒரு தமிழரின் விதவைக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் கடன் தகராறு. கம்பெனி ஆள் ஒரு பக்கம், புருஷன் இல்லாத ஏழைப் பெண் ஒரு பக்கம். சீகன்பால்கு அந்த அம்மாவுக்காகத் திரும்பத் திரும்பப் பேசினார். தேவாலயத்திலேயே தளபதி முன்னால் மண்டியிட்டு முறையிடச் சொல்லி யோசனையும் கொடுத்தார். தளபதிக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. விசாரணைக்குக் கூப்பிட்டார். "எழுத்துல சம்மன் கொடுங்க" என்கிற மாதிரி இவர் நின்றார். விளைவு, கோட்டைச் சிறை, சுமார் நாலு மாசம். வெளியே வந்ததும் ஊரை விட்டு ஓடவில்லை. 1719-ல் 36 வயதில் சாகும்வரை அவருடைய பணி அங்கேதான்.

இரண்டு கதைக்கும் நடுவே 235 வருஷம். ஆனால் முடிச்சு ஒன்றுதான். "எங்க மதத்தைத் தொடாதே" என்று சண்டை போட்டு இவர்கள் மாட்டவில்லை. ஒருத்தர் மாட்டியது ஒரு விதவையின் கடன் வழக்கில். இன்னொருத்தர் மாட்டியது ஆக்கிரமிப்பையும் யூத வேட்டையையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல். தன் சபை, தன் ஆட்கள் என்று நின்றிருந்தால் இரண்டு பேரும் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனா இங்க எனக்குத் தெரிஞ்ச நாகர்கோவில் அண்ணன் ஒருத்தர் அடிக்கடி புலம்புவார்: "சர்ச்சுக்குப் போறேன்னு சொன்னாலே வேத்துக்கிரகவாசி மாதிரி பாக்குறானுவ தம்பி." உண்மைதான். பத்தில் ஏழு டேனிஷ்காரர் பெயரளவில் தேசியத் திருச்சபை உறுப்பினர், ஞாயிற்றுக்கிழமை பெஞ்செல்லாம் காலி. ஆனால் கிண்டல் வேறு, பகை வேறு. கிண்டலைத் தாங்க கொஞ்சம் தடித்த தோல் போதும். பகையைத் தாங்குவதற்கு, எதற்காகத் தாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் எந்த மதத்துக்காரரைக் கேட்டாலும் "எங்க நம்பிக்கைக்கு ஆபத்து" என்கிறார். சிலர் சொல்வது நிஜம். 2008-ல் கந்தமாலில் வீடு எரிந்து காட்டுக்குள் ஓடிய கிறிஸ்தவர்களுக்கு அது வெறும் பேச்சு இல்லை. அன்று அவர்களுக்காகப் பேசிய கிறிஸ்தவரல்லாதவர்களும் இந்த வரிசையில் வருபவர்கள்தான். அதனால் பயமில்லாத நம்பிக்கை எது என்று அடையாளம் காண எனக்கு இப்போ ஒரே கேள்விதான்: இந்த ஆள் வாயைத் திறந்தது யாருக்காக?

உங்க ஊர்ல அப்படி அடுத்தவனுக்காக மாட்டிக்கிட்ட பெரியவங்க யாராவது இருந்தா, அவங்க எந்த மதமா இருந்தாலும் சரி, பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே. தெரிஞ்சுக்கறேன்.